சேர்மனைக் கொல்லப் பார்த்தவர் யார்?

"எனக்கு ஒரு கொலைகாரன் வேணும். நாலு மணிக்குள்ள."

மெத்தைக் கம்பெனி சேர்மன் இப்படிச் சொன்னபோது மணி பன்னிரண்டே கால். கேட்ட தோரணையைப் பார்த்தால், கொலைகாரனைப் பார்சல் கட்டி வாங்கிக் கொண்டு போக வந்தவர் மாதிரி இருந்தது. வலது கைச் சுண்டுவிரலில் ஒரு பெரிய கட்டு. பதினோரு நாளுக்கு முன்னால் ஹெலிகாப்டரோடு தரையில் விழுந்தவருக்கு மிஞ்சிய காயம் அது ஒன்றுதான். ஆகவே அதை எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜைமேல் வைத்திருந்தார்.

ரேடியோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஒரு காலத்தில் வானொலி அறிவிப்பாளராக இருந்தவள். யாரோ ஒரு பெரிய மனிதரின் இரங்கல் செய்தியை வாசிக்கும்போது பாதியில் சிரித்துத் தொலைத்ததால் வேலை போயிற்று. வேலைதான் போயிற்று, வாய் போகவில்லை. நான்கு வருடமாக அந்த வாயைச் சர்வேயர்தான் கட்டி மேய்க்கிறார்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் அல்ல. இருபத்திரண்டு வருடம் இடித்த கார்களையும் கவிழ்ந்த லாரிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, யார் சொல்வது பொய் என்று எழுதிக் கொடுத்தவர். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் பழைய பெயரே ஒட்டிக் கொண்டுவிட்டது.

"யாரைக் கொலை பண்ணின கொலைகாரன் சார்?" என்றார் சர்வேயர், குறிப்பு நோட்டைத் திறந்தபடி.

"என்னைத்தான்!"

"நீங்க உயிரோட இருக்கீங்களே சார்?" என்றாள் ரேடியோ.

"அது அவனோட திறமைக் குறைவு" என்றார் சேர்மன் கோபமாக. "நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்க எல்லாம் கீழ ஹால்ல இருப்பாங்க. பேனர் அடிச்சாச்சு. 'சேர்மனைக் கொல்லச் சதி'ன்னு பெரிய எழுத்துல. கொலைகாரன் போட்டோவுக்கு மட்டும் இடம் விட்டு வெச்சிருக்கேன்."

"விசாரணை அதிகாரி பைலட்டோட தவறுன்னு சொல்றாரே?" என்றார் சர்வேயர்.

சேர்மனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதான் எனக்கு ஆகலை! ஒரு பொண்ணு கை தவறிக் கீழ போட்டுடுச்சுன்னு எழுதினா எனக்கு என்ன மரியாதை? நான் என்ன டம்ளரா?"

வெளியே வந்ததும் ரேடியோ வராந்தாச் சுவரைப் பிடித்துக் கொண்டு சிரித்துத் தீர்த்தாள். சர்வேயர் சிரிக்கவில்லை. கம்பெனியிலிருந்து போன் வந்ததும் நேற்றே மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அந்தப் பைலட் பெண் அவர் மனதில் இருந்தாள். ரேடியோவுக்கும் சட்டென்று அது நினைவு வர, சிரிப்பு பாதியில் நின்றது.

முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தெலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்து படுத்திருந்தாள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மூணு மாடி உயரத்துல, மெதுவா இறங்கிட்டு இருந்தேன். திடீர்னு சுத்த ஆரம்பிச்சுது. எட்டு செகண்ட்ல ரெண்டு சுத்து. அப்புறம் தரை. மிஷின்ல கோளாறு இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்போ என் கைதான் ஏதோ பண்ணியிருக்கு. என்ன பண்ணிச்சுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றாள். அதிகாரி கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் போய்விடும். அதைவிட, தன் கையையே நம்ப முடியாமல் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும்.

விசாரணை அதிகாரி விருந்தினர் அறையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் கடைசிப் பக்கம் வரை நிரப்பிய படிவம். கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டங்கள்: பைலட் தவறு, இயந்திரக் கோளாறு, வானிலை, சதி. முதல் கட்டத்தின் மேல் பென்சிலால் லேசாக ஒரு டிக். நாலு மணிக்கு அதன்மேல் பேனா ஓடும், நாலரைக்கு அவர் ரயில் ஏறுவார்.

"சின்ன ஹெலிகாப்டர்னா இப்படித்தான் சார்" என்றார் பிஸ்கட் தொண்டையில் இறங்கியதும். "மேல பறக்கும்போது ஒண்ணும் ஆகாது. இறங்கும்போதுதான் கை நழுவும். வேகம் குறைஞ்சதும் அது குழந்தை மாதிரி. காத்துக்கு முகத்தைக் காட்டி இறக்கினா சமர்த்தா இருக்கும். முதுகைக் காட்டினா காத்து வாலைப் பிடிச்சுத் திருப்பி விட்டுடும். இங்க அந்தப் பிரச்னையே இல்ல. இதைப் பாருங்க."

அறையின் மூலையில் நின்ற கம்பெனி போட்டோகிராபர் ஆல்பத்தைத் திறந்து நீட்டினார். சேர்மன் போகும் இடமெல்லாம் கேமராவோடு போகிறவர். சேர்மன் தும்மினால்கூடக் கோணம் பார்த்துத் தும்ம வைப்பவர்.

புதிய தொழிற்சாலைத் திறப்பு விழாவின் நாற்பது படங்கள். பச்சைப் புல்வெளியில் வட்டமாக இறங்குதளம். அதன் ஓரத்தில் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் காற்றுப் பை. இரண்டு பக்கமும் திறந்த துணிக் குழாய் அது. காற்று அகன்ற வாயில் புகுந்து குறுகிய வால் வழியாக வெளியேறும். வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ, காற்று அந்தப் பக்கம் போகிறது என்று அர்த்தம். மேலேயிருந்து இறங்குகிறவருக்கு அதுதான் வழிகாட்டி. இந்தப் பையில் கம்பெனிச் சின்னமான தூங்கும் பூனை பெரிதாக அச்சடித்திருந்தது.

"வால் பஞ்சு அறைப் பக்கம் நீட்டிட்டு நிக்குதா? அப்போ காத்து கார் நிறுத்தற பக்கத்துலேர்ந்து வருது. அந்தம்மாவும் பஞ்சு அறைப் பக்கத்துலேர்ந்து வந்து, காத்துக்கு நேர் முகமா இறங்கியிருக்காங்க. பாடப் புத்தகத்துல போட்ட மாதிரி காத்து. அப்படியும் விட்டுட்டாங்க" என்றார் அதிகாரி. பைலட்டின் வாக்குமூலத்தில் ஒரு வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தார். 'கடைசியில் வேகம் குறையவே மாட்டேன் என்றது.' ஓரத்தில் அவருடைய குறிப்பு: 'கை பழகவில்லை.'

சர்வேயர் நாற்பது படங்களையும் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் பரப்பினார். ஒன்பது மணிக்கு எடுத்தது முதல், பத்தே முக்காலுக்கு ஹெலிகாப்டர் கவிழ்ந்தது வரை.

"தம்பி, இதுல எல்லாத்துலயும் பூனை தெரியுதே?"

"ஒண்ணுல கூடத் தப்பாது சார்!" போட்டோகிராபருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆட்கள்தான் அசைஞ்சிடுவாங்க. பூனை அசையவே இல்லை."

சர்வேயர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோவும் அதைப் பிடித்துக் கொண்டாள்.

"ஒழுக்கமான காத்து சார்" என்றாள். "கம்பெனிக் காத்து இல்லையா, ரெண்டு மணி நேரம் அட்டென்ஷன்லயே நின்னிருக்கு."

"அந்தக் காத்துப் பை இப்போ எங்கே?" என்று கேட்டார் சர்வேயர்.

அதிகாரி பிஸ்கட்டைத் தேடினார். "நாங்க வந்தது மூணாவது நாள். அதுக்குள்ள கழட்டிட்டாங்க. சம்பவம் நடந்த இடத்துல பூனைப் படம் இருந்தா கம்பெனிக்கு நல்லா இருக்காதாம். அதான் போட்டோ இருக்கே?"

மணி இரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. இறங்குதளத்தின் நடுவில் நின்று சர்வேயர் இரண்டு கையையும் நீட்டினார். இடது கை நேராகப் பஞ்சு அறையைக் காட்டியது. பஞ்சைப் பிரித்து உதறும் கூடம் அது. சுவரில் பெரிய விசிறி ஒன்று தூசியை வெளியே தள்ளிக் கொண்டிருந்தது. வலது கை கார் நிறுத்துமிடத்தைக் காட்டியது. அவருக்கு நேர் எதிரே, விழா மேடை போட்டிருந்த இடம். கம்பம் மொட்டையாக நின்றது. அதன் உச்சியில் முறுக்கிய கம்பித் துண்டு ஒன்று வெயிலில் மின்னியது.

"சிலுவை மாதிரி நிக்காதீங்க சார், யாராவது ஆணியோட வந்துடப் போறாங்க" என்றாள் ரேடியோ.

அவர் கைகளை இறக்கிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக் காவலாளியின் கூண்டுக்கு நடந்தார். காவலாளி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தன் நாற்காலியை ரேடியோவுக்குக் கொடுத்தார். முதுகுக்கு மெத்தென்று ஏதோ அண்டை கொடுத்திருந்தது. காலையிலிருந்து அலைந்தவளுக்குச் சொர்க்கமாக இருந்தது.

"விழா அன்னைக்கு உங்களுக்கு வேலை அதிகமோ?" என்றார் சர்வேயர்.

"அதை ஏன் கேக்கறீங்க!" காவலாளி கையை உதறிக் காட்டினார். "முப்பது கார் சார். எல்லாம் கறுப்பு. விருந்தாளிங்களுக்குக் காட்டறதுக்காகக் காலையிலயே பஞ்சு மிஷினை ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அவ்வளவு பஞ்சும் இங்க வந்து உக்காந்துச்சு. ஒரு தடவை துடைச்சு நிமிர்ந்தா மறுபடி வெள்ளை. ரெண்டு தடவை துடைச்சேன். மூணாவது தடவை துடைக்கும்போதுதான் ஹெலிகாப்டர் சத்தமே கேட்டுச்சு."

சர்வேயரின் பேனா நின்றது. "ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை துடைச்சீங்களா?"

"ஆமா சார். முதல் தடவை ஒன்பதரை இருக்கும்."

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். பஞ்சு அறை அந்தப் பக்கம். கார்கள் இந்தப் பக்கம். நடுவில் இறங்குதளம். காற்று இங்கிருந்து அங்கே போனது என்று காற்றுப் பை சொல்கிறது. பஞ்சு அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

"ஏன் சார், பஞ்சு காத்தை எதிர்த்து நடந்தா வந்துச்சு?"

"பஞ்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பை பொய் சொல்லியிருக்கு" என்றார் சர்வேயர். "அந்தப் பொண்ணு காத்துக்கு முகத்தைக் காட்டறோம்னு நினைச்சு முதுகைக் காட்டியிருக்கா. பின்னாலேர்ந்து காத்து தள்ளினா வேகம் எப்படிக் குறையும்? அவ எழுதிக் கொடுத்ததையே அந்த ஆள் அவளுக்கு எதிரா அடிக்கோடு போட்டு வெச்சிருக்கார். காத்துப் பையைப் பார்த்தாகணும் ரேடியோ. அது கிடைக்காம நான் எதைச் சொன்னாலும் அவர் இன்னொரு பிஸ்கட் சாப்பிடுவார்."

"எங்கேன்னு தேடறது? நான் இங்கேயே உக்காந்து யோசிக்கிறேன், நீங்க தேடுங்க. இந்தத் திண்டு ரொம்ப சுகமா இருக்கு. அண்ணே, இது எந்த மாடல்? எங்க வீட்டுக்கு ஒண்ணு வாங்கணும்."

காவலாளி கொஞ்சம் வெட்கப்பட்டார். "கடையில கிடைக்காது மேடம். கம்பத்துலேர்ந்து கழட்டிக் குப்பையில போடச் சொன்னாங்க. நல்ல பஞ்சு, வீணாகப் போகுதேன்னு எடுத்து வெச்சேன்."

ரேடியோ மெதுவாக முதுகுக்குப் பின்னால் கையை விட்டு அதை உருவினாள். நீளமான, கூம்பான, மஞ்சள் நிறத் திண்டு. ஒரு பக்கம் பூனை தூங்கிக் கொண்டிருந்தது. மறு பக்கம் வெறும் மஞ்சள். இரண்டு வாயையும் அழகாக மடித்துத் தைத்திருந்தது. அழுத்திப் பார்த்தால் நடுவில் மூங்கில் கம்பு தட்டுப்பட்டது.

"சார்" என்றாள். "இது காத்துப் பையே இல்ல. தலையணை."

தலையணைப் பிரிவின் மாஸ்டரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தையலைப் பார்த்ததுமே எல்லாத் தையல்காரர்களும் அவரைத்தான் கை காட்டினார்கள். அவ்வளவு சீரான தையல் போட அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் கிடையாதாம். திண்டைக் கண்டதும் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஒத்திகை அன்னைக்கு மேடையிலேர்ந்து பார்த்தா பூனை தெரியல சார். ஒரு பக்கம்தான் அச்சு. அன்னைக்கு அடிச்ச காத்துக்குப் பை வெறும் பக்கத்தைக் காட்டிட்டு இருந்துச்சு. திருப்பணும்னு உத்தரவு. திருப்பிக் கம்பி போட்டுக் கட்டினோம், காத்து உள்ள போகாம தொங்கிடுச்சு. அப்போ உப்பலா நிக்கணும்னு உத்தரவு. உப்பலா நிக்க வைக்க எனக்கு ஒரு வழிதான் தெரியும். இருபது வருஷமா அதைத்தானே பண்றேன்?"

"உத்தரவு யாரோடது?" என்றார் சர்வேயர்.

மாஸ்டர் சொன்னார். ரேடியோ நெற்றியில் அடித்துக் கொண்டாள். பிறகு, "பேனர்ல போட்டோவுக்கு இடம் விட்டிருக்காங்களே, அளவு சரியா இருக்குமா?" என்றாள்.

மணி மூன்று ஐம்பது. சேர்மனின் அறை. கீழே ஹாலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். போட்டோகிராபர் சேர்மனின் சுண்டுவிரலுக்கு வெளிச்சம் சரிபார்த்துக் கொண்டிருந்தார். சர்வேயர் திண்டை மேஜைமேல் கிடத்தினார். மாஸ்டர் கதவருகே ஒண்டிக் கொண்டார்.

"பூனை!" என்றார் சேர்மன் பாசத்தோடு. "இது எங்கே கிடைச்சுது?"

"படத்துல எல்லாம் அழகா நிக்குதே சார், யோசனை யாரோடது?" என்றார் சர்வேயர் சாதாரணமாக.

"என்னோடதுதான்! வேற எவனுக்கு வரும்? மேடையில உக்காந்து பார்க்கறேன், பூனையைக் காணோம். ஒருத்தன் சொல்றான், காத்து மாறினா தெரியும் சார்னு. அப்போ மாத்துடான்னேன். இவ்வளவு பெரிய கம்பெனியில சின்ன விஷயத்தைக்கூட நான்தான் பார்க்க வேண்டியிருக்கு."

அதிகாரியின் கையில் இருந்த பேனா அந்தரத்தில் நின்றது. அவர் எழுந்து வந்து திண்டை அமுக்கினார். புரட்டினார். மூங்கிலைத் தட்டிப் பார்த்தார். காவலாளி துடைத்த முப்பது கார்களின் கதையைச் சர்வேயர் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"பஞ்சு ஹெலிகாப்டர் விசிறியில பறந்திருக்கலாமே?" என்றார் அதிகாரி, குரலில் பாதி தெம்புதான் இருந்தது.

"ஒன்பதரைக்குத் துடைச்சிருக்கார். ஹெலிகாப்டர் வந்தது பத்தே முக்காலுக்கு."

அதிகாரி தன் சிவப்பு அடிக்கோட்டை ஒரு தடவை பார்த்தார். காது மடல் சிவந்தது. "அந்தம்மா அன்னைக்கே சொல்லியிருக்காங்க" என்றார் மெதுவாக. "நான்தான் படிக்கல. அடிக்கோடு மட்டும் போட்டிருக்கேன்."

அவர் நான்கு கட்டங்களையும் மேலும் கீழும் பார்த்தார். எதிலும் இது அடங்கவில்லை. பென்சில் டிக்கை ரப்பரால் அழித்து, கட்டங்களுக்குக் கீழே கையால் எழுத ஆரம்பித்தார். இறங்குதளத்தின் காற்றுப் பையில் பஞ்சு அடைத்து, காற்றுக்கு எதிர்த் திசையில் கட்டியதே விபத்துக்குக் காரணம். பைலட் மேல் தவறு இல்லை. கட்ட உத்தரவிட்டவர்: சேர்மன். எழுதி முடித்துப் படிவத்தைச் சேர்மன் பக்கம் திருப்பினார்.

"இது இறங்குதளத்தோட உரிமையாளர் வாக்குமூலம். நீங்க கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சிடும். இல்லைன்னா கட்டத்துக்கு வெளியே எழுதினது செல்லாது, எனக்கு இருக்கறது பழைய கட்டம்தான்."

சேர்மனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "நானா? என்னை நானே கொல்லப் பார்த்தேன்னு நானே கையெழுத்துப் போடணுமா? முடியாது! பைலட் தவறுன்னே எழுதிக்குங்க."

கதவருகே மாஸ்டர் கண்ணை மூடிக் கொண்டார். அந்தப் பெண்ணின் பதினோரு நாளும், இனி வரும் வருடங்களும் இந்த ஆளின் சுண்டுவிரலுக்கு அடியில் கிடந்தன. நியாயம் பேசினால் இந்த மனிதர் காதில் ஏறாது. ரேடியோ முன்னால் வந்தாள். வானொலியில் முக்கியச் செய்தி வாசித்த குரலை எடுத்துக் கொண்டாள்.

"சரி சார். கீழ போய் நான் அறிவிச்சுடறேன். ஒரு பொண்ணு கை தவறி உங்களைக் கீழ போட்டுடுச்சு. அவ்வளவுதான் செய்தி. டம்ளர் கதை."

சேர்மன் விழித்தார்.

"ஆனா யோசிச்சுப் பாருங்க. விழுந்தவங்க நிறைய பேர் இருக்காங்க. காத்தைத் திருப்பி நிக்க வெச்சவர்னு இதுவரைக்கும் யாராவது பேர் எடுத்திருக்காங்களா? நான் சொன்னேன், காத்து திரும்புச்சு, அதுக்கு நானே பொறுப்பு ஏத்துக்கறேன்னு எந்த முதலாளி சொல்லியிருக்கார்? நாளைக்கு முதல் பக்கத்துல வர்றது டம்ளரா, நீங்களா?"

சேர்மனின் முகத்தில் கோபமும் ஆசையும் மாறி மாறி வந்து போயின.

"பொறுப்பு ஏத்துக்கறது..." என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "கேக்க நல்லாத்தான் இருக்கு."

"சார், இந்தப் பக்கம் பாருங்க" என்றார் போட்டோகிராபர், பழக்க தோஷத்தில். "பேனாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. பூனையும் சேர்ந்து வருது."

சேர்மன் நிமிர்ந்தார். மோவாயைத் தூக்கினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்று கோணத்தில் படம் எடுத்தார்கள். அதிகாரி படிவத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகுதான் சர்வேயர் உட்கார்ந்தார்.

ரேடியோ வராந்தாவுக்கு ஓடி மருத்துவமனைக்குப் போன் போட்டாள். பைலட்டின் கணவர் எடுத்து, மனைவியின் காதருகே பிடித்தார்.

"காத்து உங்களுக்குப் பின்னாலேர்ந்து வந்திருக்கு" என்றாள் ரேடியோ. சுற்றி வளைக்க அவளுக்குத் தோன்றவில்லை. "பையைத் திருப்பிக் கட்டியிருக்காங்க. உங்க மேல தப்பு இல்லைன்னு கையெழுத்தாயிடுச்சு."

"திருப்பியா?" என்றது அந்தப் பக்கக் குரல். "எதிர்காத்துன்னு நினைச்சு நான்... அப்போ அது நிஜமாவே வேகமா போச்சா? எனக்குத் தோணினது சரியா?"

"சரி. நீங்க எழுதிக் கொடுத்தது ஒவ்வொரு எழுத்தும் சரி. யார் ஓட்டியிருந்தாலும் சுத்தியிருக்கும்."

பிறகு ஏதோ விம்மல் மாதிரி ஒன்று, அதைத் தொடர்ந்து போன் கை மாறும் சத்தம். ரேடியோ பதறிப் போனாள்.

"அய்யோ, அழறாங்களா? விலா எலும்பு வலிக்கப் போகுது, நிறுத்தச் சொல்லுங்க."

"வேண்டாம்மா, அழட்டும்" என்றார் கணவர். "பதினோரு நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்பத்தான் அழறா."